சூதாட்ட எச்சரிக்கையின் கடைசி வரி

பிள்ளைகளா, உங்கள் தாய்மாமனை நான் "வாங்க, அரிய வாய்ப்பு" என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அம்மா மட்டும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், ஏன் என்று கேட்டீர்கள். சாப்பிடும்போது சொன்னால் பாதியில் எனக்கே புரையேறிவிடும். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

நம் ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்வதுதான் நம் பிழைப்பு. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, கண் முகாம், எதுவானாலும் என் குரல்தான். எதுவானாலும் கடைசியில் "இந்த அரிய வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்" என்று முடிப்பேன். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். உங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோதும் அப்படித்தான் முடித்தேன். டீச்சர் கை தட்டினார். நீங்கள் இருவரும் பெஞ்சுக்கு அடியில் போனீர்கள்.

மாமா நம் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கைப்பேசியில் ரம்மி ஆடுவார், பணம் கட்டி. முதலில், நடுராத்திரியிலிருந்து விடியும்வரை பண விளையாட்டு கூடாது என்று நம் மாநிலத்தில் விதி வந்தது. "அப்பாடா, அந்த நேரமாவது தம்பி தூங்குவான்" என்றாள் அம்மா. அவர் விடியும்வரை விழித்துக் காத்திருந்தார். அப்புறம் நாடு முழுக்கப் பண விளையாட்டையே தடை செய்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். நீங்களும் இரண்டு டம்ளர் குடித்தீர்கள், எதற்கென்று தெரியாமலே.

சூதாட்டக் கடையைப் பூட்டியாயிற்று, ஆள் சரியாகிவிடுவார் என்று நினைத்தோம். ஆடிக்கொண்டிருந்தவரை, விட்ட பணத்தை அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு அவரைத் தூக்கி நிறுத்தியிருந்தது போல. ஆட்டம் நின்றதும் போனது அத்தனையும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை. சவரம் கிடையாது, வேலைக்கும் போவதில்லை. ஒருநாள் அம்மா தட்டு வைக்கும்போது, "அக்கா, நான் இல்லேன்னா ஒனக்கு ஒரு பாரம் கொறையும்ல" என்றிருக்கிறார். அம்மா கரண்டியும் கையுமாக என்னிடம் ஓடி வந்தாள். அவள் பயந்தது என்னவென்று எனக்கும் புரிந்தது. தம்பியை உயிரோடு வைத்துக்கொள்வோமா மாட்டோமா என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கேள்வியாக இருந்தது.

அவரைத் தனியே விடக்கூடாது என்று முடிவு செய்தோம். எனக்கு இடுப்பு வலி என்று ஒரு பொய் சொல்லி, "மாப்ள, கொஞ்ச நாளைக்கு நீதான் ஆட்டோ ஓட்டணும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஓர் அரசாங்க அலுவலகத்திலிருந்து வேலை வந்தது. விழிப்புணர்வு விளம்பரம். மேடம் ஒருவர் தாளைக் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் இணையவழிச் சூதாட்டம் தடை செய்யப்பட்டுள்ளது, கள்ளத்தனமாக வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், மனம் உடைந்து உயிரை விடும் எண்ணம் வந்தால் இந்த உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. வீட்டில் போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பதிவு செய்தேன். வெளிச்சத்தம் விழாமல் இருக்க அப்படித்தான் செய்வது. திரும்பப் போட்டுக் கேட்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசல். மாமா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். என் குரல் கணீரென்று போனது. "உயிரை விடும் எண்ணம் வந்தால் தயங்காமல் அழையுங்கள். கட்டணம் கிடையாது." அதோடு நிற்கவில்லை. "இந்த அரிய வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்."

வாய்ப் பழக்கத்தில் அதையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறேன். மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே, எதத் தவற விடக்கூடாது? சூதாடுறதையா, சாகுறதையா?"

"போன் பண்றதத்தான் தாயி."

"அதத் தெளிவாச் சொல்லுங்கண்ணே. தள்ளுபடி எம்புட்டுன்னு கேக்க இருந்தேன்."

ஆட்டோ குலுங்கியது. பள்ளமோ என்று எட்டிப் பார்த்தால், மாமா ஹேண்டில் பாரில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ நாளாகப் பார்க்காத சிரிப்பு. சத்தமே வராமல் தோள் மட்டும் ஆடுகிறது. அதைப் பார்த்து எனக்கு வந்தது. எங்களைப் பார்த்து அந்த அக்காவுக்கு வந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஆரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மேலே குழாய் மட்டும் கவலையில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

சிரித்து முடித்ததும் பயம் பிடித்தது. அரசாங்க வேலை ஆயிற்றே. மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வரி எங்க வருது?"

"நம்பர் சொல்லி, கட்டணம் கிடையாதுன்னு சொன்ன பொறவு வருது மேடம்."

மூக்கால் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அப்ப சரியான எடத்துலதான வருது. ஓடட்டும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கொட்டாம்பட்டி வரைக்கும் ஓடியது. வழியெல்லாம் அந்த வரி வரும் நேரம் பார்த்து மாமா ஆரனை ஒரு அடி அடிப்பார். வயலில் நின்றவர்கள் கை காட்டினார்கள். கொட்டாம்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினோம். சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"மாப்ள, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "வருது மச்சான். தெனமும் வருது."

நான் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்களும் காலையில இருந்து கத்துறீக. காசு கெடையாதுங்கிறீக, அரிய வாய்ப்புங்கிறீக" என்றார். "அப்படி என்னதான் சொல்றாகன்னு கூப்பிட்டுத்தான் பாப்பமே."

அவர் நம்பரை அழுத்திக் காதில் வைத்தால், மேலே குழாய் அதே நம்பரைக் கத்துகிறது. ஒன்றும் கேட்கவில்லை. நான் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தினேன். மாமா எழுந்து நின்று, மைக்கில் பேசும் குரலில், "வணக்கம், விளம்பர ஆட்டோவுல இருந்து பேசுறேன்" என்று ஆரம்பித்தார். கடைக்காரருக்கு அடுத்த சிரிப்பு. மாமாவும் சிரித்துக்கொண்டே தள்ளிப் போனார். அங்கே போனதும் முதுகைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பேசினார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து, "வடை இருக்கா?" என்று கடைக்காரரைக் கேட்டார். பிறகு என்னிடம், "டாக்டரப் பாக்கச் சொல்றாக மச்சான். அக்காளையும் கூட்டிப் போகலாமாம். ஒண்டியாப் போக வேணாமாம்" என்றார். வடை சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். நான் கடைக்காரரிடம் தட்டோடு வைக்கச் சொன்னேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை, பிள்ளைகளா. மாதக்கணக்கில் போய் வந்தார். இன்றும் சில நாள் மாமா பேசாமல் இருப்பார். அன்றைக்கு நான் அதே கேள்வியைக் கேட்பேன், அவரும் மறைக்காமல் சொல்வார். சட்டம் போட்டவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன், அந்தக் கடையைப் பூட்டினார்களே. ஆனால் உள்ளே இருந்து வெளியே வந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வர, வீட்டு ஆட்கள்தான் வாசலில் நிற்க வேண்டும். உங்களுக்கு எப்போதாவது அப்படி ஒரு நினைப்பு வந்தால் என்னிடம் சொல்லுங்கள். என்ன தப்புச் செய்திருந்தாலும் சொல்லுங்கள். அப்பா திட்ட மாட்டேன்.

முதல் தடவை டாக்டரிடம் போனது கே.கே. நகருக்கு. அம்மாவும் மாமாவும் உள்ளே போனார்கள். மாமா அன்று சவரம் செய்திருந்தார். கதவு சாத்தியதும் நான் தெருவுக்கு வந்தேன். மத்தியான வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. ஆட்டோவுக்குப் பின்னால் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினேன். பாட்டு இல்லை, மேளம் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுடுகிற ரோட்டில் கொஞ்ச நேரம் ஆடினேன்.