இரண்டு அங்குலம் தூக்கிய கார்

தரைதட்டி என்ற பேர் முதன்முதலாக என் காதில் விழுந்தது, எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு டாக்ஸிக்காரனுடைய அக்கா இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம். அவனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பேர். ஆளேற்றிக்கொண்டு வேகத்தடையைத் தாண்டினால் அவன் கார் வயிறு கறக்கென்று உரசும். கடைக்காரர்கள் தலையைத் தூக்காமலே, "வந்துட்டாரு" என்பார்கள்.

அவனும் சேர்ந்து சிரிக்கிறவன்தான். அக்காவை வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போக ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். அது நகர்ந்தால் மறுபடியும் அறுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியிலோ பதினோரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அக்கா பல்லைக் கடிப்பது கண்ணாடியில் தெரியும். வீட்டுக்கு வந்தால் உட்காரவும் மாட்டான், நிற்கவும் மாட்டான். ஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அளந்தால், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்ட உயரம் அப்படியே இருந்தது. அப்படியானால் வண்டியே குள்ளம் என்று முடிவுகட்டி, நாலு ஸ்பிரிங்குக்கும் ரப்பர் கட்டை கொடுத்து இரண்டு அங்குலம் தூக்கிவிட்டான்.

மறுநாள் ஒரு தடையிலும் உரசவில்லை. மேம்பாலத்து வளைவில்தான் வினை. கார் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய, அக்கா கதவோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"டேய், ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்? இல்ல நேரா மேல அனுப்பப் போறியா?"

"தரை தட்டலையே அக்கா."

"தட்டிக்கிட்டே போ. கவிழ்க்காமப் போ."

துணைக்கு வந்து பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, கதவுக்கு மேலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை.

திரும்பும் வழியில் அவர்களோடேயே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டான். மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"அளந்தப்ப வண்டியில யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"காலி வண்டியையா ஆஸ்பத்திரிக்கு ஓட்டுற? மூணு பேரு, பின்னால சக்கர நாற்காலி வேற. பின்பக்கம் எப்படி உக்காந்திருக்கு பாரு. ஸ்பிரிங் செத்துக் கிடக்குப்பா. அதுக்கு மேல மாடி கட்டியிருக்க. உயரம் ஏறினா வளைவுல சாயத்தான் செய்யும்."

அவன் பின்சீட்டில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "தகடு நகர்ந்திருக்குமோ?"

"அதை டாக்டர்கிட்ட கேளு."

கட்டைகளைக் கழற்றிப் பின்னால் புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டான்; அதற்கப்புறம் தடையிலும் உரசவில்லை, வளைவிலும் சாயவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தகடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்கா இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். அவன் பஸ் நிலையத்துக்கு எதிரே, டாக்ஸி ஸ்டாண்டில் அதே காரை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.