மூன்று எழுத்தும் ஜாய்ஸும்

நன்னிலத்தைச் சேர்ந்த ஜாய்ஸ், அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் செய்து தரும் தஞ்சாவூர் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கணினியில் சேர்த்துவைத்த விவரங்களைக் கேட்டுப் பெறுவதற்கென்று ஒரு மொழி உண்டு. எஸ், க்யூ, எல் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளே அதன் பெயர். அதை எழுத்தெழுத்தாகச் சொல்வோரும் உண்டு. ‘சீக்வல்’ என்று ஒரே சொல்லாகச் சொல்வோரும் உண்டு. ஜாய்ஸ் இரண்டையும் சொல்வார். எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ, அப்படி.

இவ்வழக்கம் வீட்டிலேயே தொடங்கியது என்று கருத இடமுண்டு. அவருடைய தந்தை கத்தோலிக்கர். தாய் லுத்தரன் சபையினர். ஞாயிறு வழிபாடு தந்தைவழி உறவினருக்குப் பூசை, தாய்வழி உறவினருக்கு ஆராதனை. அதை நடத்துபவர் முன்னவர்களுக்குச் சாமியார், பின்னவர்களுக்கு ஐயர். பள்ளியில் சேரும் முன்பே ஜாய்ஸ் ஆளறிந்து பேசப் பழகியிருந்தார்.

வேறொரு காரணமும் இருந்தது. அம்மொழியை நூலைப் பார்த்துத் தாமே கற்றபோது, சொல்லிக் காட்ட எவருமில்லாததால் ‘ஸ்குவல்’ என்று படித்துக்கொண்டார். சென்னையில் நடந்த முதல் நேர்காணலிலும் அப்படியே சொன்னார். மேசைக்கு அப்பால் இருந்த மூவரும் சிரித்தனர். அதன்பின் கேள்விகள் வரவில்லை, வேலையும் வரவில்லை.

சென்ற ஆகஸ்டில், அவர் குழுத்தலைவராவது ஒரு மென்பொருள் செயல்விளக்கத்தைப் பொறுத்திருந்தது. மேலாளர் குழந்தைராஜ் எழுத்தெழுத்தாகச் சொல்பவர். ஆலை உரிமையாளர்களின் சார்பில் வந்த டேவிட்சன் ‘சீக்வல்’ என்பவர். இருவரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தனர்.

அவருக்கு அவர் சொல், இவருக்கு இவர் சொல் என்று ஜாய்ஸ் அரை மணி நேரம் விடையளித்தார். டேவிட்சன் பேனாவை மூடிவைத்தார்.

“ஒண்ணு கேக்கலாமாம்மா? எனக்கு ஒரு மாதிரி சொல்றீங்க, சாருக்கு ஒரு மாதிரி சொல்றீங்க. ரெண்டும் வேற வேறயா?”

“ஒண்ணுதான் சார். யார் எப்படிக் கேக்குறாங்களோ, அப்படியே சொல்லிடுவேன்.”

“அப்போ தனியா இருக்கும்போது?”

ஜாய்ஸ் மேலாளரைப் பார்த்தார். இங்கும் சிரிப்போடு முடிந்துவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பும் வீண்.

“ஸ்குவல்ங்க சார்.”

டேவிட்சன் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை.

“சரி, உங்க ஸ்குவல்லயே சொல்லுங்க. ஒரே லாரி நெல்லு ரெண்டு தடவை பதிவாயிட்டா என்ன செய்வீங்க?”

அந்த ஒரு கேள்விக்கு ஜாய்ஸ் இருபது நிமிடம் விளக்கினார். டேவிட்சன் மீண்டும் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

“ஆறு வருஷமா என்கிட்ட நடிச்சிருக்கீங்க,” என்றார் குழந்தைராஜ், வெளியே வந்ததும்.

“உங்களுக்கு இனிமேலும் எஸ்-க்யூ-எல்தான் சார்.”

செப்டம்பரில் பொறுப்பு வந்தது. குழுவில் ஐவர். அவர்களுள் தௌபீக் என்பவரும் ‘ஸ்குவல்’ என்றே சொல்கிறார். ஜாய்ஸ் சொல்வதைக் கேட்டுச் சொல்கிறாரா, அவரும் தனியே படித்தவரா என்று நான் வினவினேன்.

“தெரியலைங்க. கேட்டா மாத்திக்குவாரோன்னு நான் கேக்கலை,” என்றார் ஜாய்ஸ்.