தவக்காலத்தில் ஒரு கறுப்பு பீர்

என் அண்ணன் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறான். ஒரு மார்ச்சில் விடுப்பில் வந்தபோது அந்த ஊர்க் கறுப்பு பீர் டின்களைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தான். அந்நாட்டுப் பாதுகாவலரான புனிதரின் திருநாள் அந்த மாதம்தான். அன்றைக்கு அந்த பீரைக் குடிக்காதவனை அங்கே மனிதனாகவே மதிக்க மாட்டார்களாம்.

எங்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். என் கணவர் குடியை விட்டபின் வந்த நான்காவது தவக்காலம். அவர் குடித்த நாட்களில் என் கையில் தையல் போட்டபோது பக்கத்தில் நின்றவன் அண்ணன்தான். அவன் அவரை மன்னிக்கவில்லை. அவர் திருந்திய பிறகு இன்னும் அதிகமாக வெறுத்தான்.

திருநாளன்று காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே சொந்தக்காரர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டான். இந்த பீருக்கு இறால் வறுவல்தான் பொருத்தம் என்று என்னை வறுக்கச் சொன்னான்.

"தவக்காலத்துல எதுக்குண்ணே இது?" என்றேன்.

"அந்த ஊர்ல இன்னிக்கு ஒருநாள் தவத்துக்கு லீவு. நீ அடுப்பப் பாரு."

பிறகு நுரை ததும்பும் எவர்சில்வர் டம்ளரை என் கணவரிடம் நீட்டினான்.

"மாப்ள, இது போதை இல்லாதது. உங்களுக்குன்னே தனியா வாங்கினேன்."

இன்னொரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார்.

"மச்சான், இது நெஜ பீருங்க."

"நாலு வருஷத்துல ருசி மறந்துருக்குமோன்னு பார்த்தேன்," என்றான் அண்ணன். கூடம் சிரித்தது. சித்தப்பா, "புனிதர் பேரச் சொல்லிக் குடிங்க, பாவம் ஒட்டாது," என்றார்.

நான் டம்ளரைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையை மெல்ல விலக்கினார். அண்ணனையே பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னொன்னு இருக்குங்களா?"

அண்ணன் டின்னை உடைத்துக் கொடுத்தான்.

காரைக்காலில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. அண்ணன் விமானம் ஏறுவதற்குள் அவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டார். உயிர்ப்புத் திருவிழாவன்று கோயில் வாசலில் வேட்டி நழுவியதுகூடத் தெரியாமல் கிடந்தார். திருப்பலி முடிந்து வந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். எங்கள் மகளும் அவர்களோடு ஒதுங்கி நடந்தாள்.

அன்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, அது திருந்துற ஜென்மம் இல்லன்னு," என்றான்.

அவன் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் கேட்டதே இல்லை. போனை வைத்தேன்.

இப்போது அவர் குரும்பகரத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் இன்னமும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்.