டெப்பனர் வருகிறது

கடலோரப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தும் நாங்கள் பார்க்க வந்த கோட்டை இன்னும் தூரத்து முனையில்தான் நிற்கிறது. தண்ணீர்ப் போத்தல் காலி. பிரான்சின் இந்தக் குக்கிராமத்தில் ஒரு கடையும் கண்ணில் படவில்லை. என் கணவர் வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிடுகிறார்.

"இனி ஒரு அடியும் வைக்கமாட்டன்."

வேலியோரம் செடி வெட்டிக்கொண்டிருப்பவரிடம், கனடாவின் மொன்றியலில் முப்பது வருடம் பேசித் தேய்ந்த என் பிரெஞ்சில் கேட்கிறேன்:

"பக்கத்தில் டெப்பனர் இருக்கிறதா?"

மொன்றியலில் மூலைக்கடைக்கு அதுதான் பெயர்.

அவர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்க்கிறார். "கவலை வேண்டாம் மடாம், நானே கூப்பிடுகிறேன்" என்று தொலைபேசியை எடுக்கிறார்.

"இஞ்சாருங்கோ, கடையையே இஞ்ச கூப்பிடுறார். மனுசரெண்டா இவையள்தான்!"

சற்று நேரத்தில் மஞ்சள் விளக்கு சுழல, பழுதான கார்களை இழுத்துப்போகும் லொறி ஒன்று வந்து நிற்கிறது. பிரான்சில் டெப்பனர் என்றால் இதுதானாம். சாரதி இறங்கி வீதியை மேலும் கீழும் பார்க்கிறார்.

"பழுதானது எங்கே?"

பிரெஞ்சே வராது என்று முப்பது வருடமாக என்னைப் பேசவிட்ட என் கணவர், கல்லில் இருந்தபடியே கையைத் தூக்கிச் சுத்தமான பிரெஞ்சில் சொல்கிறார்:

"நான்தான்."