எங்கள் வீட்டு ரூட் பிளான்

கொழும்பு கொச்சிக்கடையில், துறைமுகச் சரக்கை எடுத்து அனுப்பும் ஒரு கிளியரிங் கம்பெனியில் லொறிகளுக்கு ரூட் பிளான் போடுவது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதிகள் இரண்டு. லோட் நிறையாமல் லொறி கேட்டைத் தாண்டக்கூடாது. திரும்பும்போது வெறுமையாக வரக்கூடாது. ஒஃபிஸில் எனக்கு நல்ல பெயர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்ல இடம் வராது.

1. லோட் நிறைதல்

பெற்றோல் விலை ஏறியபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் போக்குவரத்தையும் நானே பொறுப்பெடுத்தேன். அதுவரை நான் காரில் போவேன். களுபோவில ஆஸ்பத்திரியில் தாதியான மனைவி ஜெசிந்தா த்ரீவீலில் போவாள், மகள் ஷெரின் ஸ்கூல் வேனில். த்ரீவீலையும் வேனையும் நிறுத்தினேன். மூவரும் ஒரே கார்: முதலில் களுபோவில, பிறகு பம்பலப்பிட்டியில் ஸ்கூல், கடைசியில் கொச்சிக்கடை.

விதிப்படி மூவரும் ஏறாமல் கார் நகராது. ஷெரினின் ஒரு சொக்ஸ் காணாமற்போகும். அது கிடைக்கும்போது நான் ஷேவ் எடுக்கத் தொடங்கியிருப்பேன். ஏழு மணி டியூட்டிக்கு ஜெசிந்தா தொடர்ந்து பிந்தினாள்.

"வார்ட் சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டா," என்றாள். "இன்னொருக்காப் பிந்தினா என்னைப் பிள்ளைகள் வார்டில இருந்து மாத்திப்போடுவாவாம்."

பல வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய வார்ட் அது.

"நாளைக்கு ட்ரஃபிக் குறையும்," என்றேன்.

2. திரும்பும் லோட்

ஜெசிந்தாவும் ஷெரினும் எனக்கு முன்னமே பஸ்ஸில் வீடு வந்துவிடுவார்கள். மாலையில் வெறும் காரோடு திரும்ப மனம் வரவில்லை. வீட்டுக்கு எதிர்த்திசையில் முகத்துவாரம் வரை போய் மீன் வாங்கினேன். லோடைத் தேடிப்போகும் தூரத்துக்கு எரியும் எண்ணெய்க் கணக்கை ஒஃபிஸில் வேறொருவர் பார்ப்பார். வீட்டில் அந்த வேறொருவர் இல்லை.

"அண்ணே, நேத்தும் பாரை, இண்டைக்கும் பாரை. வீட்டில கலியாணமா?" என்றார் மீன்காரர்.

மறுநாள் காலை மூவரும் ஏறிவிட்டோம். ஷெரின் மூக்கைப் பொத்தினாள்.

"அப்பா, சீற்றெல்லாம் மீன் தண்ணி! என்ர யூனிபோமைப் பாருங்கோ!"

உடை மாற்ற மேலே ஓடினாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஜெசிந்தா கார்க் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போறீர்?"

"டியூட்டிக்கு. நீங்க ஆறுதலா லோட் நிறைச்சுக்கொண்டு வாங்கோ."

சந்திக்கு ஓடிப்போய் பஸ் ஏறினாள். ஏழுக்கு முன்னமே வார்டில் நின்றாளாம்.

3. ஜெசிந்தாவின் பிளான்

அன்று மாலை அவள் ரூட் போட்டாள். எனக்கு இருபது வருட அனுபவம். அவளுக்கு ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்.

"எனக்கு பஸ். பிள்ளைக்கு வேன். உங்களுக்கு ரயில்."

"அப்ப கார்?"

"ஞாயிறு பூசைக்கு மூண்டு பேருமாப் போவம்."

"நான் ட்ரான்ஸ்போர்ட் ஆள், ஜெசிந்தா. ரயிலில போய் இறங்கினா என்ன நினைப்பினம்?"

"இவ்வளவு காலமும் ஒரு ஆள் தனியா ஒரு முழுக் காரில போய் வந்தவர். அவரை உங்கட கேட்டால வெளிய விட்டிருப்பீங்களோ?"

கார்ச் சாவியைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன்.

இப்போது வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, பஸ்ஸில் கொச்சிக்கடை போகிறேன். முன்பு ஒரு வாரத்தில் தீர்ந்த பெற்றோல் மாதக் கடைசி வரை வருகிறது. ஜெசிந்தா பிள்ளைகள் வார்டிலேயே இருக்கிறாள்.

ஆகவே, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளே, வீட்டில் எண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டுமானால், நேரத்துக்குப் போகவேண்டியவரை முதலில் அனுப்பிவிடுங்கள். பிறகு வீணாக ஓடும் வண்டியைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம், அதன் ஸ்டியரிங்கை நானே பிடித்துக்கொண்டிருந்ததுதான்.