சினை ஊசிக்காரனின் முன் பிரேக்

விஜயபுரம் மண்டலத்தில் சிரஞ்சீவிக்கு மூவாயிரம் பிள்ளைகளுக்கு மேல். எல்லாம் நாலு காலில் நடப்பவை. பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறான். ஊருக்கே காளை இவன்தான் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். "காளைக்கு பெட்ரோல் வாணாம், எனக்கு வேணும். அதான் வித்தியாசம்" என்பான்.

அவனுடைய பைக்குக்குப் பதினாறு வயது. ஐப்பசி மழை பிடித்ததும் அதற்கு ஒரு வியாதி வந்தது. ஆறு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். அப்புறம் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் கனக்கும். முன் டிஸ்க் கொதித்துத் தீய்ந்த நாற்றம் அடிக்கும், சக்கரம் இறுகிவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் உருளும்.

புத்தூர் மெக்கானிக் மோகன்ராஜ், டிஸ்கைக் கவ்வும் காலிப்பரைப் பிரித்து, பிஸ்டனைத் தேய்த்து, புது சீல் போட்டான். திருப்பதியிலிருந்து பிரேக் பேடும் ஹோஸும் வரவழைத்து மாட்டினான். வியாதி அப்படியே இருந்தது.

"முன் பிரேக்கையே கழட்டிடலாம்ணா. கால் பிரேக் போதும்."

"போதும். உன் கடைக்குள்ளாற வந்து நின்னுக்கிறேன்."

இந்த வண்டியால், இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கங்கம்மாவின் பசுவுக்கு இரண்டு தடவை ஊசி தவறிவிட்டது. சினைப் பருவம் வந்து பசு கத்துவது ஒரு நாள்தான். அதைத் தாண்டிப் போட்டால் ஊசி வீண். மூன்றாம் தடவையாக நேற்றுச் சாயங்காலம் கத்தத் தொடங்கியிருந்தது. இன்று பதினோரு மணிக்குள் போயாக வேண்டும். வழியில், பத்து மணிக்கு, சக்கரம் இறுகியது. அப்போது கங்கம்மாவின் போன் வந்தது.

"எங்க கீற நைனா?"

"வந்துக்கினே கீறேன்க்கா."

"போன தபாவும் வந்துக்கினேதான் இருந்த. மாட்டு வியாபாரி ரங்கன் வந்து குந்திக்கினு கீறான். இந்த தபாவும் உட்டன்னா ஓட்டி உட்டுடுவேன்."

நல்ல கறவைப் பசு. தன் வண்டியால் அது சந்தைக்குப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. ஸ்பேனரை எடுத்துக் காலிப்பரில் இருந்த காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தான். ஆயில் பீச்சியடித்தது, சக்கரம் சட்டென்று விட்டது. நிப்பிளை இறுக்கிவிட்டு, சிந்தியதைத் துணியால் துடைத்துக்கொண்டே யோசித்தான். பிஸ்டன் சிக்கியிருந்தால் ஆயில் இப்படிப் பீச்சாது. உள்ளே அழுத்தம் நிற்கிறது, திரும்பிப் போக வழியில்லை. வழி மேலே, லீவரின் வேரில் இருக்கிற சின்ன ஓட்டை. லீவர் முழுசாகத் திரும்பினால்தான் அது திறக்கும்.

லீவரை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. லீவரையும் ஹாண்டில்பாரையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது காளஹஸ்தியில் மந்திரித்த கறுப்புக் கயிறு. போன மாசம் அவன் மனைவி ஸ்வர்ணலதா கட்டியது. உயிரைக் காப்பது பிரேக், ஆகவே பிரேக்குக்குத்தான் காப்பு என்பது அவள் கணக்கு. மழையில் நனைந்து நனைந்து கயிறு சுருங்கி, லீவரை அரை விரற்கடை உள்ளே இழுத்து வைத்திருந்தது. மோகன்ராஜ் இரண்டு தடவையும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டானே தவிர, அவிழ்க்கவில்லை.

சிரஞ்சீவி மனைவிக்குப் போன் போட்டான்.

"கயிற அறுக்கணும். அதான் பிரேக்க புடிச்சிக்கினு கீது."



"அறுத்துக்கோ. கிழக்க பாத்து நின்னுக்கினு அறு."

"வண்டி மேற்க பாத்துக்கினு கீதுடி."

"வண்டியா அறுக்கப்போவுது? நீ கிழக்க பாரு."

கிழக்கே பார்த்து, விந்துக் குழலின் நுனி வெட்டும் கத்திரியால் அறுத்தான். லீவர் டக்கென்று வெளியே வந்தது. அதற்குப் பிறகு பதினான்கு கிலோமீட்டரும் சக்கரம் சிணுங்கவில்லை.

பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தபோது பசு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கையுறை மாட்டி, ஊசியைப் போட்டு முடித்தான்.

"சினை நின்னுதான்னு எப்ப தெரியும்?" என்றாள் கங்கம்மா.

"மூணு மாசம் கழிச்சி கைய உட்டு பாக்கறேன்."

அவள் வாசலில் உட்கார்ந்திருந்த ரங்கனைப் பார்த்தாள்.

"மோர குடிச்சிட்டு கெளம்பு ரங்கா."