ஊனச் சொன்னது நான்தான்

என் தம்பியின் காலைக் கெடுத்தவன் நான். ஊரார் படகின்மேல் பழி போடுவார்கள்... நம்பாதே!

பழவேற்காட்டில் படகைக் கரையேற்றும்போது தம்பி தேசப்பன் வழுக்கி விழுந்தான். படகு அவன் காலில் ஏறியது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

சென்னை மருத்துவமனையில் காலைப் பெரிதாகக் கிழிக்கவில்லை. தோலில் சிறு துளைகள் போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அமுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்தி, தகடும் திருகாணியும் வைத்தார்கள். தம்பி மயக்கத்தில் கிடந்தான். மருத்துவர் என்னிடம்தான் சொன்னார்.

"தையல் சின்னதா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. நான் படம் எடுத்துப் பாத்துச் சொல்ற வரைக்கும் காலை ஊனவே கூடாது."

தலையாட்டினேன். விளங்கவில்லையா எனக்கு? நன்றாக விளங்கியது!

வீடு திரும்பியபின் தையல்கள் ஆறி, கொசுக்கடித் தடம்போல் சுருங்கின. அவன் படுத்தே கிடந்தான். என் மனைவி அவனுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் எனக்குள் எரிந்தது. இத்துனூண்டு காயத்துக்கா இவ்வளவு ஓய்வு? நடிக்கிறானோ...

அப்போது ஏரியில் இறால் வலை கட்ட எங்கள் முறை வந்தது. தவறவிட்டால் ஊர் முழுக்கச் சுற்றித்தான் மறுபடி வரும்.

"டாக்டரு இன்னாண்ணா சொன்னாரு?" என்று கேட்டான்.

"இனிமே ஊனலாம்னாரு. எழுந்திரு."

எழுந்தான். என்னை நம்பி எழுந்தான்!

இடுப்பளவு நீரில், சேற்றில் காலூன்றி வலையை இழுத்தவன் அலறிக்கொண்டு சாய்ந்தான்.

நிறுத்திய எலும்பு மீண்டும் அமிழ்ந்திருந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்துக் கொதித்தார். "ஊனக் கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட அவ்ளோ சொன்னேனே!"

தேசப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கணம்தான்... பிறகு அவரிடம், "அண்ணன் சொல்லிச்சு சார். நான்தான் கேக்கல" என்றான்.

அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை! சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி அறுவை செய்தும் கால் கோணலாகவே கூடியது. ஆடும் படகில் அவனால் நிற்க முடியாது. இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்கு வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் காப்பாற்றினான் என்னை? அன்பா? இல்லை, இதுதான் தண்டனையா?

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் துணிந்து ஆரம்பித்தேன். "தேசா, அன்னிக்கு டாக்டரு..."

"பஸ்சு வந்துட்ச்சிண்ணா" என்றான்.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பேருந்து எதுவும் வரவில்லை.